கடவுளுக்கு வக்கீல்கள்

எனக்கும் கடவுளுக்கும் வழக்கு எதுவும் இல்லை. இருந்தால் அதை நாங்கள் இருவருமே தனியாகப் பேசித் தீர்த்துக்கொள்வோம். பத்திரிகை வரைக்கும் கொண்டுவர மாட்டேன். என் வழக்கெல்லாம் அவருடைய வக்கீல்களோடுதான். யாரும் வக்காலத்து எழுதிக் கொடுக்காமலே, பீஸ் வாங்காமலே, எங்கே சாவு விழுந்தாலும் அங்கே கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு வந்து நின்றுவிடுகிறார்களே, அவர்களைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன்.

சில மாதங்களுக்கு முன்னால் ஓர் உபந்நியாசம் கேட்கப் போனேன். நல்ல குரல், நல்ல சம்ஸ்கிருதம், நல்ல கூட்டம். முடிவில் சந்தேகம் கேட்கலாம் என்றார்கள். பின் வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்தில் எரிந்துபோன குழந்தைகள் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்டார். உபந்நியாசகர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. ‘பூர்வ ஜன்ம வினை, வேறென்ன?’ என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். சபை தலையை ஆட்டியது. உபந்நியாசகரை நான் மன்னித்துவிடுவேன். அவருக்கு அது தொழில். அந்தத் தலையாட்டலைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்தத் தலைகளுக்கு.

முதலில் அங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி. காலையில், மதிய உணவு சமைக்கும் இடத்தில் பிடித்த தீ, மாடியில் வகுப்புகள் நடந்துகொண்டிருந்த கீற்றுக் கொட்டகைக்குத் தாவியது. கீற்று எரிந்தபடியே குழந்தைகளின் மேல் விழுந்தது. இறங்கி ஓடுவதற்கு இருந்த வழி குறுகல். ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிக்கூடங்களை அடைத்து நடத்திக்கொண்டிருந்தார்கள். 94 குழந்தைகள் இறந்தார்கள். எல்லாம் ஆரம்பப் பள்ளி வயது; சிலேட்டிலிருந்து நோட்டுப் புத்தகத்துக்கு மாறிக்கொண்டிருந்த வயது.

இந்த விவரத்தை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். காரணம் வேண்டும் என்றால் அதிலேயே எத்தனை கிடக்கின்றன! கீற்றுக்கூரை ஒரு காரணம். அதற்கு அருகிலேயே அடுப்பு ஒரு காரணம். குறுகலான படி ஒரு காரணம். ஓர் இடத்தில் மூன்று பள்ளிக்கூடம் நடத்தலாம் என்று நினைத்த பேராசை ஒரு காரணம். பார்வையிட வந்தவர்கள் பார்க்காமல் போனது ஒரு காரணம். பார்த்தும் கையெழுத்துப் போட்டிருந்தால் அது அதைவிடப் பெரிய காரணம். இவ்வளவையும் ஒரு பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு, யாரும் பார்க்காத, யாரும் பார்க்கவே முடியாத ஒரு பழைய ஜன்மத்துக்குப் போய்க் காரணம் தேடுகிற புத்தியை என்னவென்று சொல்வது? காலடியில் கிடக்கும் பாம்பை விட்டுவிட்டுக் கிரகணத்துப் பாம்பைத் தேடுகிற கதைதான் இது.

இதில் தத்துவப் பிசகு மட்டும் இருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். தத்துவத்தில் பிசகுவது மனுஷ சுபாவம். இதில் ஓர் அக்கிரமம் இருக்கிறது. குழந்தையின் வினைதான் குழந்தையைக் கொன்றது என்றால், கீற்றுப் போட்டவன் யார்? வினையை நிறைவேற்ற வந்த வெறும் கருவி. பள்ளிக்கூடம் நடத்தியவன் யார்? கடவுளின் சிப்பந்தி. அவனைப் பிடித்து ஏன் கூண்டில் ஏற்றுகிறீர்கள்? மாலையல்லவா போட வேண்டும்? 2014-ஆம் ஆண்டில், பத்து வருஷம் கழித்து, தஞ்சாவூர் நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது. மேல்முறையீடு, தண்டனைக் குறைப்பு என்று அதற்குப் பிறகும் கதை நீண்டது. ஆனால் உபந்நியாசகரின் கோர்ட்டில் அந்தப் பத்துப் பேரும் முதல் நாளே விடுதலை. தண்டனை அடைந்தவர்கள் 94 பேர்தான். கடவுளைக் காப்பாற்றப் புறப்பட்ட வக்கீல் கடைசியில் யாரைக் காப்பாற்றிவிட்டார், பார்த்தீர்களா?

எதிர்க்கட்சியின் வாதத்தை அதன் மெலிந்த உருவத்தில் நிறுத்தி அடித்து வீழ்த்துவது வீரமல்ல. ஆகவே அதன் பலமான உருவத்தையும் சொல்கிறேன். பிரம்ம சூத்திரத்துக்குப் பாஷ்யம் எழுதும்போது சங்கரர் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் எதிர்கொள்கிறார். ஒருவனைச் சுகத்திலும் ஒருவனைத் துக்கத்திலும் பிறப்பிக்கிற ஈசுவரன் பட்சபாதம் உள்ளவன் அல்லவா, இரக்கம் அற்றவன் அல்லவா என்பது கேள்வி. இல்லை என்கிறார். மழை எல்லா விதைக்கும் பொதுவாகப் பெய்கிறது. நெல் நெல்லாகவும் யவம் யவமாகவும் முளைப்பதற்கு விதை காரணம், மழை காரணம் அல்ல. அதைப்போல ஜீவன்களின் பேதத்துக்கு அவரவர் கர்மம் காரணம். அப்படியானால் முதல் கர்மம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், சம்சாரத்துக்கு ஆதி கிடையாது என்று பதில்.

கெட்டிக்கார வாதம். நான் அதை அவமதிக்க மாட்டேன். உலகம் ஒரு குருட்டுச் சூதாட்டம் அல்ல, அதற்குள் ஏதோ ஒரு நியாயம் ஓடுகிறது என்ற நம்பிக்கையைக் காப்பாற்ற ஒரு பேரறிவு செய்த முயற்சி அது. ஆனால் கவனியுங்கள்: கர்மம் என்று ஒரு கணக்கு இருக்கிறது என்றுதான் அந்த வாதம் சொல்கிறது. அந்தக் கணக்குப் புஸ்தகத்தைத் திறந்து, இன்னாருக்கு இன்ன பற்று, இன்னாருக்கு இன்ன வரவு என்று வாசித்துக் காட்டும் அதிகாரத்தை உங்களுக்கும் எனக்கும் அது கொடுக்கவில்லை. பாங்கியில் எல்லோருக்கும் கணக்கு இருக்கலாம். அதற்காக அடுத்த வீட்டுக்காரன் கடனாளி என்று நான் தெருவில் நின்று கூவினால், அது அவதூறு அல்லவா?

இன்னொன்றும் கேட்கிறேன். தண்டனை என்றால் குற்றம் இன்னது என்று தண்டிக்கப்படுகிறவனுக்குத் தெரிய வேண்டும். பிள்ளையை அடிக்கிற தகப்பன்கூட, எதற்காக அடிக்கிறேன் தெரியுமா என்று கேட்டுக்கொண்டே அடிக்கிறான். ஏன் என்று சொல்லாமல் அடிக்கிறவனுக்குத் தகப்பன் என்று பெயரில்லை. வேறு பெயர் இருக்கிறது. ஆறு வயதுக் குழந்தைக்கு அது செய்ததாகச் சொல்லப்படும் குற்றம் ஞாபகத்தில் இல்லை, ஞாபகப்படுத்துவாரும் இல்லை, திருந்துவதற்கு அவகாசமும் இல்லை. இதை நியாயம் என்று சொல்லிக் கடவுளுக்கு நல்ல பெயர் வாங்கித் தரப் பார்க்கிறார்கள். ஒரு ஜில்லா முன்சீப்பு இப்படித் தீர்ப்புச் சொன்னால் ஊரே சிரிக்கும்.

இதையெல்லாம் நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. மகாபாரதத்திலேயே மாண்டவ்யர் சொல்லிவிட்டார். மௌன விரதத்தில் இருந்த முனிவர் அவர். திருடர்கள் களவுப் பொருளை அவர் ஆசிரமத்தில் ஒளித்துவைத்தார்கள். துரத்தி வந்த அரசனின் ஆட்கள் அவரையும் பிடித்துக் கழுவில் ஏற்றினார்கள். பிறகு அவர் தர்மதேவதையிடமே போய், என்ன குற்றத்துக்கு எனக்கு இந்தத் தண்டனை என்று கேட்டார். சிறு பிள்ளையாக இருந்தபோது பூச்சிகளைப் புல்லால் குத்தினாய் என்று பதில் வந்தது. மாண்டவ்யர் தலையை ஆட்டிக்கொண்டு திரும்பி வரவில்லை. பிள்ளைப் பிராயத்து அற்பப் பிழைக்கு இத்தனை பெரிய தண்டனையா என்று சீறினார். தர்மதேவதையையே மண்ணில் பிறக்கும்படி சபித்தார். அப்படிப் பிறந்தவர்தான் விதுரர். அத்தோடு ஒரு சட்டமும் செய்தார்: பதினான்கு வயது வரைக்கும் செய்வது எதுவும் பாவக் கணக்கில் சேராது.

எப்பேர்ப்பட்ட கதை! நியாயத்துக்கு அதிபதியான தேவதையே அநியாயமாகத் தண்டித்தால், அவனும் தண்டிக்கப்படுவான் என்று நினைத்துப் பார்க்கிற துணிச்சல் நம் முன்னோர்களுக்கு இருந்தது. அந்த மகாபாரதத்தை நாற்பது நாள் உபந்நியாசம் செய்கிறவருக்கு அந்தத் துணிச்சலில் நாற்பதில் ஒரு பங்கும் இல்லை. கும்பகோணத்துக் குழந்தைகள் மாண்டவ்யர் போட்ட எல்லைக்குள் இருந்தவர்கள். ‘அது இந்த ஜன்மத்துக் கணக்கு, நான் சொல்வது போன ஜன்மம்’ என்று அவர் நழுவலாம். தர்மதேவதை அப்படி நழுவவில்லை என்பதை மட்டும் அவருக்கு ஞாபகப்படுத்துகிறேன். அவனாவது பார்த்த குற்றத்தைச் சொன்னான்.

தமிழிலும் இந்த வழக்கு நடந்திருக்கிறது. சிலப்பதிகாரத்தில் நடந்தது. கோவலன் களவு செய்யாமல் கொலையுண்டான். கண்ணகி அரசவைக்குப் போனாள், சிலம்பை உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது. பாண்டியன் என்ன செய்தான்? கோவலனின் வினை அது என்று சொன்னானா? பொற்கொல்லன் ஏமாற்றிவிட்டான் என்று சொன்னானா? குற்றவாளி தானேதான் என்று ஒப்புக்கொண்டு, சிங்காதனத்திலிருந்து விழுந்து செத்தான். அதிகாரத்தில் இருக்கிறவன் ஓர் அநியாயச் சாவுக்குச் சொல்லக்கூடிய சரியான பதில் அது ஒன்றுதான் என்று நான் நினைக்கிறேன்.

வினைக் கதை பிறகு வருகிறது. யார் கொண்டுவருகிறார்கள்? மதுரையின் தெய்வம் கொண்டுவருகிறது. அந்தத் தெய்வம் கண்ணகிக்கு முன்னால் வரத் துணியாமல் அவள் பின்னாலிருந்து பேசுகிறது என்கிறார் இளங்கோ. என்ன பேசுகிறது? முதலில் பாண்டிய குலத்தின் செங்கோல் சிறப்பைச் சொல்கிறது. கையை வெட்டிக்கொண்ட பாண்டியன் கதையைச் சொல்கிறது. அசல் வக்கீல் பேச்சு! அதன் பிறகு, கலிங்க நாட்டில் போன பிறவியில் பரதன் என்ற பெயரோடு இருந்த கோவலன், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்லச் செய்ததையும், அவன் மனைவி நீலி இட்ட சாபத்தையும் சொல்கிறது. கேட்ட கண்ணகி, ஓகோ அப்படியா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு மாதரியின் வீட்டுக்குத் திரும்பிவிடவில்லை. கொற்றவை கோயில் வாசலில் வளையலை உடைத்துவிட்டு மேற்கே நடந்தாள். விளக்கம் கிடைத்துவிட்டது, துக்கம் ஒரு மாற்றுக்கூடக் குறையவில்லை. ஊழ்வினை வந்து ஊட்டும் என்பதைக் காட்டுவது இளங்கோவின் நோக்கங்களில் ஒன்று என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அவர் கவி. அந்தக் கொள்கையைச் சொன்ன கையாலேயே, அந்தக் கொள்கை ஒரு பெண்ணின் துயரத்துக்கு முன்னால் எவ்வளவு சிறுத்துப்போகிறது என்பதையும் எழுதிவிட்டார்.

இன்னொரு விஷயம். மதுரையை எரிக்கச் சொன்ன கண்ணகி நெருப்புக்கு ஓர் ஆணை இட்டாள். விட்டுவிட வேண்டியவர்கள் யார் யார் என்று அவள் சொன்ன வரிசையில் முதியவர்கள் இருக்கிறார்கள், குழந்தைகளும் இருக்கிறார்கள். புருஷனைப் பறிகொடுத்து, ஒரு மார்பைத் திருகி எறிந்துவிட்டு நின்ற நேரத்தில்கூடக் குழந்தையை விட்டுவிடு என்று சொல்ல அவளுக்குத் தோன்றியது. அவளுக்குத் தோன்றியது கடவுளுக்குத் தோன்றவில்லை என்றுதான் உங்கள் வினை வாதம் சொல்கிறது. ஒரு பத்தினியின் கோபத்தைவிடக் கடவுளின் நீதி கொடியது என்று பிரசாரம் செய்கிறவர் ஆத்திகரா? எனக்குப் புரியவில்லை.

பல்லக்கு விஷயத்துக்கும் வந்துவிடுகிறேன். திருக்குறளில் அறன் வலியுறுத்தல் அதிகாரத்தில், பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் ஏறிச் செல்பவனையும் பற்றி ஒரு குறள் இருக்கிறது. அறத்தின் பயன் என்ன என்று நூல் கொண்டு சொல்ல வேண்டியதில்லை. இந்த இரண்டு பேரையும் பார்த்தாலே தெரியும் என்று பரிமேலழகர் உரை செய்தார். அதாவது, ஏறியிருப்பவன் முன்னே புண்ணியம் செய்தவன், சுமப்பவன் செய்யாதவன். இந்த இருவரிடத்தும் போய் அறத்தின் வழி இதுதான் என்று சொல்லாதே என்பதே பொருள் என்று பிற்காலத்தார் மறுத்தார்கள். இலக்கணச் சண்டையைப் புலவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நான் கேட்பது, பரிமேலழகர் உரையைப் படித்துவிட்டுத் தெருவில் இறங்கினால் என்ன ஆகும் என்பதைத்தான். சுமப்பவனின் தோளில் இருக்கும் காய்ப்பு கண்ணில் படாது. பல்லக்கு எதற்காக, இறங்கி நடந்தால் என்ன என்ற கேள்வி நாக்கில் வராது. இரந்துதான் ஒருவன் உயிர் வாழ வேண்டும் என்றால் உலகத்தைப் படைத்தவன் அலைந்து கெடட்டும் என்று இரவச்சத்தில் சபித்த வள்ளுவரா, பல்லக்கைப் பார்த்து இப்படித் திருப்தியோடு தலையை ஆட்டியிருப்பார்? பிச்சைக்காரனின் பழவினையைத் தோண்டாமல் படைத்தவனின் சட்டையைப் பிடித்தாரே, அந்த வள்ளுவர் என் கட்சி.

இந்த வாதம் பிற்போக்குவாதிகளின் சொத்து மட்டும் அல்ல. நல்லவர்களும், ஏன், மகாத்மாவே அதில் கால் இடறியிருக்கிறார். 1934 ஜனவரி 15-ஆம் தேதி பிற்பகலில் பீகாரிலும் நேபாளத்திலும் பூமி அதிர்ந்தது. முங்கேர் நகரம் மண்மேடாயிற்று; முசாபர்பூரும் தர்பங்காவும் நொறுங்கின; பத்தாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். காந்திஜி அப்போது ஹரிஜன யாத்திரையாக நம் பக்கம் வந்துகொண்டிருந்தார். ஜனவரி 24-ஆம் தேதி திருநெல்வேலியில் பேசும்போது, இந்தப் பூகம்பம் தீண்டாமை என்ற பாவத்துக்கு ஆண்டவன் அனுப்பிய தண்டனை என்று தாம் நம்புவதாகச் சொன்னார்.

மகாகவி தாகூர் திடுக்கிட்டுப் போனார். தீண்டாமையை எதிர்ப்பதில் அவர் காந்திஜிக்குச் சளைத்தவர் அல்ல. அதனாலேயே அவர் பேச வேண்டியிருந்தது. பௌதிக உற்பாதங்களுக்குப் பௌதிகக் காரணங்கள்தான் உண்டு என்றார். நல்லொழுக்கப் பாடம் கற்பிப்பதற்காகக் கொடூரத்தைக் கையாளும் கடவுளைவிட மனிதனே ஒழுக்கத்தில் உயர்ந்தவன் என்று ஒப்புக்கொள்ள நேரும் என்றார். இந்த மாதிரி வாதம் காந்திஜியின் எதிரிகளுக்குத்தான் அதிகம் பொருந்தும் என்றும் எச்சரித்தார். சரிதானே? தீண்டாமைக்குத் தண்டனை என்று இவர் சொன்னால், தீண்டாமையை ஒழிக்கப் புறப்பட்டதற்குத் தண்டனை என்று ஒரு சனாதனி சொல்ல எத்தனை நிமிஷம் ஆகும்? இரண்டு பேருக்கும் சாட்சி ஒன்றேதான்: இடிபாட்டில் கிடக்கிற பிணம். அது யார் சொன்னாலும் மறுத்துப் பேசாது.

காந்திஜியிடத்தில் எனக்குள்ள மரியாதை இந்தச் சந்தர்ப்பத்தில் குறையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தாகூரின் மறுப்பைத் தம்முடைய ‘ஹரிஜன்’ பத்திரிகையிலேயே பிப்ரவரி 16-ஆம் தேதி இதழில் வெளியிட்டார். தம் நம்பிக்கையைத் தம்மால் நிரூபிக்க முடியாது என்று அதே இதழில் ஒப்புக்கொண்டார். அதைவிட முக்கியம், பாவம் செய்தவர்கள் என்று அவர் சுட்டியவர்களில் தம்மையும் சேர்த்துக்கொண்டார். ‘நம்’ பாவம் என்றார், ‘அவர்கள்’ பாவம் என்று சொல்லவில்லை. ஆனாலும் கணக்கு உதைக்கிறது. கோயில் கதவைச் சாத்தி வைத்திருந்தவர்கள் தேசம் முழுவதும் இருந்தார்கள்; தண்டனை பீகாருக்கு. பீகாரிலும் பூமி ஜாதி பார்த்துப் பிளக்கவில்லை. தீண்டாதவனும் தீண்டப்படாதவனும் ஒரே சுவரின் கீழ் நசுங்கினார்கள். குற்றத்துக்கு ஆளானவனையே குற்றத்துக்காகத் தண்டிக்கிற நீதி எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது? ஜவாஹர்லால் பிற்பாடு தம் சுயசரிதையில், காந்திஜியின் அந்தப் பேச்சு தம்மைத் திகைக்க வைத்தது என்று எழுதினார். எழுதியது பின்னால், அதற்கு முன்னாலேயே முங்கேருக்குப் போய் மண்வெட்டி பிடித்து இடிபாட்டைத் தோண்டினார். ராஜேந்திர பிரசாத் சிறையிலிருந்து வெளியே வந்ததும் நிவாரண வேலையில் இறங்கினார். பூகம்பத்துக்கு அர்த்தம் சொல்ல அவர்களுக்கு நேரமில்லை.

இது நம் தேசத்து வியாதி மட்டுமா என்றால், இல்லை. 1755 நவம்பர் 1-ஆம் தேதி, சகல பரிசுத்தவான்களின் திருநாளன்று, போர்ச்சுகல் தேசத்து லிஸ்பன் நகரம் பூகம்பத்தால் இடிந்தது. கோயில்கள் ஜனங்களால் நிரம்பியிருந்த காலை நேரம். கட்டடத்துக்குத் தப்பியவர்களைக் கடல் கொண்டுபோயிற்று; கடலுக்குத் தப்பிய வீதிகளைத் தீ தின்றது. மலக்ரிதா என்ற பாதிரியார், இது பாவத்துக்குத் தண்டனை, வேறு காரணம் சொல்லாதீர்கள் என்று புஸ்தகம் போட்டார். மந்திரியாக இருந்த பொம்பாலின் ஆட்சியோ ஊர் ஊராகப் பங்குக் குருமார்களுக்குக் கேள்விப் பட்டியல் அனுப்பியது. பூமி எத்தனை நேரம் ஆடிற்று? கடல் முதலில் ஏறிற்றா, இறங்கிற்றா? எத்தனை பேர் இறந்தார்கள்? பூகம்ப சாஸ்திரத்தின் பிள்ளையார் சுழிகளில் ஒன்று என்று அந்தப் பட்டியலைச் சொல்வார்கள். அதன் பிறகு சுவருக்குள்ளே மரச்சட்டக் கூடு வைத்து, ஆடினாலும் விழாத வீடுகளைக் கட்டினார்கள். பொம்பால் ஈவிரக்கமற்ற மனிதர். அவர் காலத்தில் அந்தப் பாதிரியாரைக் கழுத்தை நெரித்துக் கொன்ற பாவத்தை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் யார் கேட்ட கேள்வி அடுத்த தலைமுறையின் தலையில் கூரை விழாமல் காத்தது என்பதை மட்டும் எண்ணிப் பாருங்கள்.

கடவுள் நம்பிக்கை உள்ளவர்களுக்கு ஒரு சாட்சியம் காட்டுகிறேன். பைபிளில் யோபுவின் கதை. சொத்துப் போய், பிள்ளைகள் போய், உடம்பெல்லாம் புண்ணாகச் சாம்பலில் உட்கார்ந்திருந்தான் யோபு. எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்று மூன்று சிநேகிதர்கள் வந்தார்கள். ஏழு நாள் பகலும் இரவும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஏழு நாளும் அவர்கள் மனிதர்களாக இருந்தார்கள். எட்டாம் நாளுக்குப் பிறகு வக்கீல்களாகிவிட்டார்கள். நீ பாவம் செய்யாமல் உனக்கு இது வருமா, கடவுள் அநியாயம் செய்வாரா என்று அதிகாரம் அதிகாரமாகப் பேசினார்கள். யோபு மட்டும், நான் குற்றவாளி அல்ல, கடவுளே வந்து எனக்குப் பதில் சொல்லட்டும் என்று கத்திக்கொண்டிருந்தான். முடிவில் கடவுளே வந்தார். யார் மேல் கோபித்தார்? தமக்காக வாதாடிய மூவர் மேல்! தம்மைப் பற்றி யோபு சரியாகப் பேசினான், நீங்கள் பேசவில்லை என்று சொல்லி, யோபு உங்களுக்காகப் பிரார்த்தித்தால் மன்னிக்கிறேன் என்றார். ஏன் இந்தத் துன்பம் என்பதற்கு யோபுவுக்கும் அவர் காரணம் சொல்லவில்லை. ஆனால் வக்கீல்களின் வக்காலத்தை ரத்து செய்துவிட்டார்.

மறுபக்கத்து வக்கீல்களையும் நான் விட்டுவிடவில்லை. சுனாமி வந்தது, கோயில் கும்பாபிஷேகத்தில் நெரிசல் வந்தது என்றால், பார்த்தாயா, கடவுள் இல்லை என்று துள்ளிக் குதித்து வருகிற பகுத்தறிவுத் தோழரும் இருக்கிறார். அவருக்கும் பிணம் ஒரு வாதம்தான். கூட்டம் முடிந்ததும் அவரும் வீட்டுக்குப் போய்விடுகிறார். ஒன்று மட்டும் அவருக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும்: அவர் செத்த குழந்தையின் மேல் பழி போடுவதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே, கடவுள் என்று ஒருவர் இருந்தால், இந்த இருவரில் நாத்திகரைத்தான் பக்கத்தில் உட்காரச் சொல்லுவார் என்று தோன்றுகிறது.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் வேளாங்கண்ணியிலும் இதே வழக்கு வேறு உருவத்தில் எழுந்தது. மாதா கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லை. அது அற்புதம் என்றார்கள். உள்ளே இருந்து பிழைத்தவன் மண்டியிட்டு நன்றி சொல்லட்டும். அந்த நன்றியைக் கேலி செய்கிறவன் மனிதன் அல்ல. ஆனால் அதே காலையில், அதே மாதாவைப் பார்க்க வந்து, கடற்கரையில் நின்ற யாத்திரிகர்கள் கூட்டம் கூட்டமாக அடித்துக்கொண்டு போகப்பட்டார்களே? நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்களே? கோயிலின் பக்கத்தில் அற்புதம் என்று எழுதினால், கடற்கரையின் பக்கத்தில் என்ன எழுதுவீர்கள்? அந்தப் பக்கத்தைக் காலியாக விடும் யோக்கியதை இருந்தால் இந்தப் பக்கத்தையும் எழுதுங்கள்.

இத்தனையும் கேட்ட பிறகு ஒருவர் என்னிடம் சொல்லக்கூடிய நியாயமான ஆட்சேபம் ஒன்றுதான். பிள்ளையைப் பறிகொடுத்த தாய், ‘நான் என்ன பாவம் செய்தேனோ’ என்று அடித்துக்கொண்டு அழுகிறாளே, அவளுக்கு அது ஓர் ஆறுதல் அல்லவா. அதையும் பிடுங்கிக்கொள்ளப் போகிறாயா என்பார்.

பிடுங்க மாட்டேன். அவள் சொல்வதும் உபந்நியாசகர் சொல்வதும் ஒன்றல்ல. அவள் சித்தாந்தம் பேசவில்லை, அழுகிறாள். அழுகைக்குத் தமிழில் கிடைத்த சொல் அது. மேலும், அவள் தன் பாவத்தைத்தான் சொல்கிறாள். என் குழந்தை என்ன பாவம் செய்ததோ என்று எந்தத் தாயாவது கண்டுபிடிக்கப் புறப்பட்டதுண்டா? குழந்தையின் மேல் விழப் பார்க்கிற பழியைக்கூடத் தன் மேல் இழுத்துப் போட்டுக்கொள்கிறாள். இலக்கணத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று மூன்று இடம் சொல்வார்கள். வினை என்ற சொல்லுக்குத் தன்மை ஒன்றுதான் இடம். ‘என் வினை’ என்று ஒருவன் சொல்லிக்கொள்ளலாம். அது பணிவாகவும் இருக்கலாம், பொறுமையாகவும் இருக்கலாம், நாளைக்காவது நல்லது செய்வோம் என்ற தீர்மானமாகவும் இருக்கலாம். ‘உன் வினை’ என்று சொன்னால் அது கொடுமை. ‘அவர்கள் வினை’ என்று சொன்னால் அது கொடுமையோடு கோழைத்தனமும்.

தீமை ஏன் இருக்கிறது என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. எபிகூரஸ் காலத்திலிருந்து கேட்கிறார்கள்; லைப்னிட்ஸ் பதில் எழுதிப் பார்த்தார்; வால்ட்டேர் அந்தப் பதிலைக் கிழித்துப் போட்டார். கேள்வி கேட்டபடியே நிற்கிறது, நிற்கட்டும். பதில் தெரியாத கேள்வியோடு வாழ்வது மனிதனுக்கு இழிவல்ல. பொய்யான பதிலைச் சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போவதுதான் இழிவு.

கும்பகோணத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களிலிருந்து கீற்றுக் கூரையை எடுக்க உத்தரவு போட்டார்கள். அந்த 94 குழந்தைகளின் சாவுக்கு மனிதர்கள் சொன்ன பதில்களில் அதுவே ஓரளவு உருப்படியான பதில். முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டிய பதில். இன்னும் எத்தனையோ ஊரில், வேறு வேறு உருவத்தில், கீற்று வேய்ந்தே கிடக்கிறது: பூட்டிய பின்வாசலாக, பட்டாசு ஆலையில் அளவுக்கு மீறி அடுக்கிய மருந்தாக, கையெழுத்து மட்டும் ஏறிய தணிக்கைப் பேரேடாக. கடவுளுக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று துடிக்கிற அன்பர்கள் முதலில் போய் அதைப் பிரித்துப் போடட்டும். பிரித்து முடிந்ததும் வரட்டும். பூர்வ ஜன்மத்தைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்து பேசலாம்.